பப்ளிக் பள்ளியில் உளவியலாளர் வேலை: கலிஃபோர்னியாவில் யார் தரும் சான்று வேண்டும்?

கேள்வி: சென்னையில் பி.எஸ்சி. உளவியலும் எம்.எஸ்சி. ஆலோசனை உளவியலும் முடித்து, இரண்டு ஆண்டுகள் தனியார் பள்ளி ஒன்றில் ஆலோசகராக இருந்தேன். இப்போது ஹெச்-4 விசாவில் கணவருடன் ஃபிரீமான்டில் இருக்கிறேன். இங்குள்ள பப்ளிக் பள்ளிகளில் உளவியலாளராகச் சேர என்ன உரிமம் வேண்டும்? உளவியல் வாரியத்துக்கு எழுதிப் போடு என்கிறார்கள் சிலர். டாக்டர் பட்டம் இல்லாமல் நடக்காது என்கிறார்கள் வேறு சிலர்.

பதில்: இரண்டு பேச்சையும் ஒதுக்கிவிடுங்கள். பள்ளி வேலைக்கு டாக்டர் பட்டம் வேண்டாம், மாநில உளவியல் வாரியத்தின் உரிமமும் வேண்டாம். அந்த வாரியம் மருத்துவமனையிலும் சொந்த கிளினிக்கிலும் சிகிச்சை தருபவர்களுக்கானது. டாக்டர் பட்டம், 3,000 மணி நேர மேற்பார்வைப் பணி, இ.பி.பி.பி. தேர்வு எல்லாம் அவர்களுக்குத்தான்.

பள்ளிக்கான சான்றைத் தருவது ஆசிரியர்களுக்குச் சான்று தரும் அதே அமைப்பு. சேக்ரமென்டோவில் இருக்கும் ஆசிரியர் சான்றளிப்பு ஆணையம் அது, எல்லோரும் சி.டி.சி. என்பார்கள். சான்றின் பெயர் பியூப்பில் பர்சனல் சர்வீசஸ் கிரெடென்ஷியல், சுருக்கமாக பி.பி.எஸ். இந்த ஒரே பெயரில் பள்ளி ஆலோசகருக்கும் சமூகப் பணியாளருக்கும் உளவியலாளருக்கும் தனித்தனி அனுமதிகள் உண்டு. அதனால் வேலை விளம்பரத்திலோ கல்லூரிப் பக்கத்திலோ 'பி.பி.எஸ்.' என்று பார்த்ததும் நின்றுவிடாதீர்கள். 'ஸ்கூல் சைக்காலஜி' என்று சேர்த்து எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

உறவினர் யாராவது டெக்சஸிலிருந்து வேறு மாதிரி சொன்னால் அதுவும் உண்மையாகவே இருக்கலாம். அங்கே பள்ளி உளவியலாளரின் உரிமம் கல்வித் துறையிடம் இல்லை. உளவியல் வாரியம்தான் எல்.எஸ்.எஸ்.பி. என்ற பெயரில் தருகிறது. மாநிலம் மாறினால் கதவும் மாறும். ஆகவே எந்த மாநிலத்தில் குடியிருக்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொண்டு படிப்பில் சேருங்கள்.

அடுத்து, உங்கள் எம்.எஸ்சி. அது நல்ல படிப்பு. ஆனால் அதை மட்டும் வைத்து பி.பி.எஸ். கிடைக்காது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலான ஆர்.சி.ஐ.யின் பதிவு இருந்தாலும் இங்கே அது செல்லாது. காரணம் வேலையின் தன்மையில் இருக்கிறது. இங்கே பள்ளி உளவியலாளரின் நாளில் பெரும்பகுதி ஆலோசனை அறையில் கழிவதில்லை. மதிப்பீட்டிலும் அறிக்கையிலும் கழிகிறது. ஊனமுற்ற குழந்தைகளின் கல்வி உரிமைக்கான 1975-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. 1990 முதல் அதை 'ஐடியா' சட்டம் என்கிறார்கள். பெற்றோர் மதிப்பீடு கேட்டால் 15 நாளுக்குள் மதிப்பீட்டுத் திட்டத்தைக் கையில் தர வேண்டும். அவர்கள் கையெழுத்திட்டுத் திருப்பித் தந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் சோதனைகளை முடித்து, குழந்தைக்கான தனிக் கல்வித் திட்டத்தை முடிவு செய்யும் ஐ.இ.பி. கூட்டம் நடத்தியாக வேண்டும். நீண்ட விடுமுறைகள் மட்டும் இந்தக் கணக்கில் சேராது.

நீங்கள் அறிவுத்திறனை அளக்கும் பினே-காமத் சோதனையிலும் மாலின் அளவுகோலிலும் பழகியிருப்பீர்கள். இங்கே விஸ்க்-5 போன்ற கருவிகள். கருவி மட்டும் மாறினால் சில மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். சட்டம் வேறு என்பதுதான் பெரிய இடைவெளி. எடுத்துக்காட்டாக, 1979-இல் 'லேரி பி.' வழக்கின் தீர்ப்பு, கறுப்பினக் குழந்தைகளைச் சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்ப்பதற்கு ஐ.க்யூ. தேர்வைப் பயன்படுத்துவதைக் கலிஃபோர்னியாவில் தடுத்தது. அது தெரியாமல் ஒருவர் சோதனைப் பெட்டியைத் திறந்தால் பாதிப்பு குழந்தைக்கு. இதற்காகத்தான் தனிப் படிப்பு கேட்கிறார்கள், கேட்பது நியாயம்.

அந்தப் படிப்பின் அளவு இது: பட்டப்படிப்புக்கு மேல் 60 செமஸ்டர் யூனிட், சி.டி.சி. அங்கீகரித்த பள்ளி உளவியல் திட்டத்தில். அதற்குள் 450 மணி நேரம் பிராக்டிகம் என்ற தொடக்கக் களப்பயிற்சி, அதற்கு மேல் 1,200 மணி நேரம் இன்டர்ன்ஷிப். முழுநேரமாகப் படித்தால் பொதுவாக 3 ஆண்டு. மூன்றாவது ஆண்டு முழுவதும் இன்டர்ன்ஷிப். சேக்ரமென்டோ ஸ்டேட், ஃபிரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், லாங் பீச் ஸ்டேட் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் இந்தத் திட்டம் உண்டு. வேறெங்காவது சேர்வதாக இருந்தால் சி.டி.சி.யின் அங்கீகாரப் பட்டியலில் அந்தத் திட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 'சைக்காலஜி மாஸ்டர்ஸ்' என்ற பெயரை நம்பி ஆன்லைனில் சேர்ந்து, இரண்டு ஆண்டு கழித்து அது பி.பி.எஸ்.ஸுக்குப் போகாது என்று தெரிந்துகொள்வது பெரிய இழப்பு. ஏற்கெனவே படித்த சில பாடங்களுக்கு விலக்கு தருவார்களா என்று கேட்கலாம். கிடைத்தாலும் ஒன்றிரண்டு பாடம்தான் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

சேர்க்கைக்கு முன் உங்கள் இந்தியப் பட்டங்களை மதிப்பிட வேண்டும். பல்கலைக்கழகமும் சி.டி.சி.யும் ஏற்கும் நிறுவனம் எது என்று முதலில் கேட்டுவிடுங்கள். ஊரில் எல்லோரும் போகும் நிறுவனம் அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். பாடம் பாடமாக மதிப்பிடும் விரிவான அறிக்கையைக் கேளுங்கள். 'இது இளங்கலைக்குச் சமம்' என்ற ஒரு வரி போதாது. நம் மூன்றாண்டு இளங்கலையை சில நிறுவனங்கள் முழுப் பட்டமாக ஏற்கின்றன, சில மூன்றாண்டுப் படிப்பாக மட்டும் கணக்கிடுகின்றன. எம்.எஸ்சி. மதிப்பெண் பட்டியல்களையும் சேர்த்து அனுப்பினால் இரண்டையும் கூட்டிப் பார்க்க வழி இருக்கிறது. உங்களிடம் இருக்கும் நகல் பெரும்பாலும் செல்லாது. பல்கலைக்கழகமே முத்திரையிட்டு நேராக அனுப்ப வேண்டும்.

பள்ளிக்குள் கால் வைக்கும் முன் கைரேகைச் சோதனை. லைவ் ஸ்கேன் என்பார்கள். சி.டி.சி.யின் 41-எல்.எஸ். படிவத்தை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போய்க் கைரேகை தந்தால், மாநில நீதித் துறைக்கும் எஃப்.பி.ஐ.க்கும் போகும். கூடவே பின்னணிச் சோதனைச் சான்றான சர்டிஃபிகேட் ஆஃப் கிளியரன்ஸ் விண்ணப்பமும் போட வேண்டும். இங்கேதான் பலருக்கு வாரங்கள் வீணாகின்றன. 'பிள்ளையின் பள்ளியில் தன்னார்வலராகச் சேர ஏற்கெனவே கைரேகை கொடுத்தேனே' என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு அமைப்புக்காகக் கொடுத்த கைரேகையின் முடிவு அந்த அமைப்புக்கு மட்டுமே போகும். சி.டி.சி.க்கு ஒன்று, பிறகு வேலைக்குச் சேரும் பள்ளி டிஸ்ட்ரிக்டுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுத்தாக வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரு பெயரும் பட்டச் சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்தோடு இன்னொரு பெயரும் இருந்தால், எல்லாப் படிவத்திலும் ஒரே வடிவத்தை எழுதி, மற்றதை 'வேறு பெயர்' கட்டத்தில் குறிப்பிடுங்கள்.

இனி 1,200 மணி நேரம். அதிகம் சறுக்கும் இடம் இதுதான், கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கலிஃபோர்னியாவில் பள்ளி ஆண்டு வழக்கமாக 180 நாள். நாளொன்றுக்கு 7 மணி நேரம் என்றால் 1,260. கையில் மிச்சம் 60 மணி நேரம்தான், ஒன்பது நாள்கூட இல்லை. ஒரு வாரம் காய்ச்சல், ஊரில் ஒரு கல்யாணம் என்றாலே அது கரைந்துவிடும். வேலை அனுமதிக்குக் காத்திருந்து அக்டோபரில் தொடங்கினால் ஜூனில் எண்ணிக்கை நிறையாது, பட்டம் தள்ளிப்போகும். அரைநேரமாக அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் முடிக்கவும் வழி உண்டு. குழந்தை சிறியதாக இருந்தால் அதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மணிக்கணக்கை வாரந்தோறும் எழுதி மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஆண்டுக் கடைசியில் மொத்தமாக வாங்கலாம் என்று விட்டு, அதற்குள் அவர் வேறு டிஸ்ட்ரிக்டுக்குப் போய்விட்டால் அலைச்சல் உங்களுக்கு.

ஹெச்-4 விசாவில் படிக்கத் தடையில்லை. மாநிலத்தில் ஓராண்டுக்கு மேல் குடியிருந்து அதற்கான ஆதாரம் காட்டினால், அரசுப் பல்கலைக்கழகங்களில் உள்ளூர்க் கட்டணமே கேட்கலாம். மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாறினால் அந்தச் சலுகை போய்விடும். ஆனால் இன்டர்ன்ஷிப் என்பது வேலை. 2015 முதல், கிரீன் கார்டுக்கான கணவரின் ஐ-140 மனு ஒப்புதலாகியிருந்தால் ஹெச்-4 விசாவில் இருப்பவர் வேலை அனுமதி அட்டையான ஈ.ஏ.டி. வாங்கலாம். அது கையில் இருந்தால் சிக்கல் இல்லை, அதன் காலாவதித் தேதி பள்ளி ஆண்டின் நடுவில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஈ.ஏ.டி. இல்லையென்றால், எஃப்-1-இல் பாடத்திட்டப் பயிற்சி அனுமதியான சி.பி.டி. மூலம் செய்யலாம். 'சம்பளம் இல்லாமல் செய்கிறேன், அனுமதி எதற்கு' என்ற எண்ணம் ஆபத்தானது. முதல் ஆண்டிலேயே ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

தேர்வுகளைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டியதில்லை. அடிப்படைத் திறனுக்காக முன்பு சிபெஸ்ட் எழுத வேண்டியிருந்தது. 2024-இல் வந்த மாற்றத்தால் அங்கீகரிக்கப்பட்ட இளங்கலைப் பட்டமே அதற்கு ஈடாகிறது. வெளிநாட்டுப் பட்டத்துக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்று கல்லூரியின் கிரெடென்ஷியல் அலுவலரிடம் கேட்டுவிட்டுத் தேர்வுக் கட்டணம் கட்டுங்கள். பள்ளி உளவியலுக்கான பிராக்சிஸ் 5403 தேர்வை பி.பி.எஸ்.ஸுக்கு சி.டி.சி. கேட்பதில்லை, சில கல்லூரிகள் கேட்கின்றன. எப்படியும் எழுதிவிடுவது நல்லது. அதில் 155 எடுத்து, 1,200 மணி நேரத்தில் குறைந்தது 600 மணி நேரத்தைப் பள்ளியில் செய்திருந்தால், தேசியச் சான்றான என்.சி.எஸ்.பி.க்கு விண்ணப்பிக்கலாம். கணவரின் வேலை நாளை வேறு மாநிலத்துக்கு மாறினால் அது கைகொடுக்கும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 75 மணி நேரத் தொடர்பயிற்சி காட்டி அதைப் புதுப்பிக்க வேண்டும்.

படிப்பு முடிந்ததும் விண்ணப்பத்தை நீங்கள் தொடங்குவதில்லை. கல்லூரி சி.டி.சி.க்கு ஆன்லைனில் பரிந்துரை அனுப்பும், உங்களுக்கு மின்னஞ்சல் வரும். அதைத் திறந்து உறுதிமொழிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் கட்டணம் கட்டினால்தான் விண்ணப்பம் நகரும். அந்த மின்னஞ்சல் ஸ்பேமில் கிடந்து, ஆகஸ்டில் வேலைக்குச் சேரும் நாளன்று சான்று இல்லாமல் நிற்பவர்கள் உண்டு. சான்று 5 ஆண்டு செல்லும்.

பி.பி.எஸ். பள்ளி வேலைக்குள் மட்டுமே செல்லும் என்பதையும் மனதில் வையுங்கள். மாலையில் வீட்டில் கட்டணம் வாங்கிக் குழந்தைகளை மதிப்பிட அது அனுமதிக்காது. அதற்கு எல்.இ.பி. என்ற வேறு உரிமம். தருவது நடத்தை அறிவியல் வாரியம். பள்ளி உளவியலாளராக இரண்டு ஆண்டு முழுநேர அனுபவமும் மேலும் ஓராண்டு மேற்பார்வை அனுபவமும் சேர்ந்த பிறகே அதன் தேர்வுக்குப் போக முடியும்.

உங்கள் அனுபவத்தைப் பார்க்கையில் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. குழந்தைகளோடு உட்கார்ந்து பேசும் வேலைதான் உங்களுக்குப் பிடித்தது என்றால், பள்ளி ஆலோசகருக்கான பி.பி.எஸ். 48 யூனிட்டிலும் 800 மணி நேரக் களப்பணியிலும் முடியும்; பெரும்பாலும் இரண்டே ஆண்டு. ஆனால் உளவியல் மதிப்பீடு செய்யும் அதிகாரம் அதில் இல்லை. மதிப்பீட்டில் ஆர்வம் இருந்தால் மூன்றாவது ஆண்டின் சிரமத்தைத் தாங்கலாம் என்பது எங்கள் கருத்து. குழந்தையின் தாய்மொழியில் மதிப்பிட வேண்டும் என்று ஐடியா சட்டம் சொல்கிறது. ஃபிரீமான்ட் போன்ற ஊரில் 'என் பிள்ளைக்குப் பேச்சு வரல' என்று ஒரு பாட்டி தமிழில் சொல்வதைத் தமிழிலேயே கேட்டு எழுதக்கூடியவர் அந்தக் குழுவில் இருந்தால், மொழிச் சிக்கலையும் கற்றல் குறைபாட்டையும் குழப்பிக்கொள்ளும் தவறு குறையும்.

பெரும்பாலான திட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறைதான் சேர்க்கை. குளிர்காலத்தில் விண்ணப்பம் மூடிவிடும். இந்தியப் பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வந்துசேர மாதங்கள் ஆகலாம். ஊரில் இருக்கும் யாரிடமாவது அதிகாரக் கடிதம் கொடுத்து, அந்த வேலையை இந்த வாரமே தொடங்கச் சொல்லுங்கள்.