தத்துவம் படிக்கும்போது குறிப்பு எடுப்பது: பர்மா வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ஐயா, எல்லா வரியும் முக்கியமாகவே தெரிகிறது. பக்கம் முழுக்க அடிக்கோடு. எதைத்தான் குறிப்பது? (தாம்வே, ரங்கூன்)

முதல் வாசிப்பில் பென்சிலையே தொடாதீர்கள் தம்பி. ஒரு பகுதியை முழுக்கப் படித்துவிட்டு நூலை மூடுங்கள். அப்புறம் மூன்று வரி எழுதுங்கள்: என்ன சொல்கிறார், ஏன் சொல்கிறார், எதைக் காட்டிச் சொல்கிறார். இந்த மூன்றுக்கும் நம்மிடம் பழைய பெயர்கள் உண்டு: மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு. இங்கே மேற்கோள் என்பது நிறுவ வேண்டிய கூற்று. ‘இந்த மலையில் நெருப்பு இருக்கிறது’ மேற்கோள். ‘புகை தெரிவதால்’ ஏது. ‘அடுக்களையைப் போல’ எடுத்துக்காட்டு. சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களையும் இந்த முறையில்தான் பிரித்து விளக்கியிருக்கிறார்கள். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெகார்ட்டைப் படித்தாலும் இதே மூன்று வரிதான். ஏது வரி காலியாக நின்றால், அவர் காரணம் சொல்லவில்லை, அல்லது உங்கள் கண்ணில் படவில்லை. திரும்பப் போய்ப் பாருங்கள்.

நாலாவது வரி உங்கள் மறுப்பு. அதை வேறு மையில் எழுதுங்கள். பக்க எண் இல்லாமல் ஒரு குறிப்பும் வேண்டாம். என் பழைய நோட்டில் அருமையான வாதம் ஒன்று இருக்கிறது. யாருடையது என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

என் பதிப்பும் நண்பர் பதிப்பும் வேறு. பக்க எண் ஒத்துப்போகவில்லையே? (பெகு)

ஓரத்து எண்ணைப் பாருங்கள். பிளேட்டோவுக்கு 1578ஆம் ஆண்டுப் பதிப்பின் எண், அரிஸ்டாட்டிலுக்கு 1831ஆம் ஆண்டுப் பெக்கர் பதிப்பின் எண். கான்ட்டின் ‘தூய பகுத்தறிவு விமரிசனம்’ என்றால் ஏ என்பது 1781ஆம் ஆண்டு முதல் பதிப்பு, பி என்பது 1787ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு. அவற்றைக் குறித்தால் எந்தப் பதிப்பிலும் இடம் கிடைக்கும்.

பாலி மொழியில் உள்ள பௌத்தத் தத்துவத் தொகுப்பான அபிதம்மம் படிக்கிறேன். துக்கம், விஞ்ஞானம் எல்லாம் தமிழிலும் உள்ள சொற்கள்தானே, அப்படியே எழுதலாமா? (மோல்மேன்)

வேண்டாம் அம்மா. நமக்குத் துக்கம் என்றால் துக்க வீடு நினைவுக்கு வரும். பாலியில் அது நிலையில்லாத எதிலும் உள்ள நிறைவின்மை வரை போகும். விஞ்ஞானம் நமக்கு சயன்ஸ். பாலியில் அறியும் உணர்வு. இதே சொல் பர்மியப் பேச்சில் ஆவியாகிவிட்டது. ஒரே சொல் மூன்று மொழியில் மூன்று பொருள் தருகிறது. பழகிய சொல் என்பதால் புரிந்துவிட்டதாக மனம் நம்பிவிடும்.

மறுக்கிறேன் ஐயா. கலைச்சொல்லை மாற்றினால் துல்லியம் போய்விடும். பாலியிலேயே வைக்க வேண்டும். (தாம்வே, வேறொருவர்)

பாதி சரி. இடப்பக்கம் பாலிச் சொல் இருக்கட்டும். வலப்பக்கம் தமிழில் எழுத முடியவில்லை என்றால், நமக்கு அது இன்னும் புரியவில்லை. மணிமேகலையின் 30ஆம் காதையைப் பாருங்கள்: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று... துன்பம் ஒன்றைச் சார்ந்து ஒன்றாக எழுவதைக் காட்டும் பன்னிரண்டு சார்புகளும் அங்கே அநேகமாகத் தமிழிலேயே இருக்கின்றன. துல்லியம் எங்கே போயிற்று?

‘ஊறு’ என்றால் இன்று யாருக்குப் புரியும்? (அவரே)

அதற்குத்தான் குறிப்பு. ‘ஊறு: தொடுகை, புலனும் பொருளும் சேர்வது’ என்று உங்கள் கையால் எழுதுங்கள். அப்படி எழுதத் தேடும் நேரம்தான் நீங்கள் தத்துவம் படித்த நேரம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போனில் படம் எடுத்து வைத்தால் போதாதா?

அது பக்கத்தின் பிரதி. குறிப்பு இல்லை.

எந்த நோட்டு நல்லது?

எதுவும். மழைக்காலத்தில் ஈரம் பட்டால் கசியும் மை வேண்டாம்.

எதை அடிக்கோடு இடுவது, ஐயா?

முதல் பதிலைப் படியுங்கள்.

முக்கிய வரிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுவும் அதே கேள்வி. முதல் பதில்.

யாரிலிருந்து தொடங்கலாம்?

இன்று குறிப்பு பற்றி மட்டும் பேசுவோம்.

பாலியில் ‘சங்காரா’ என்று வருகிறதே, நம் சிவனின் சங்காரமா? (மோல்மேன்)

நல்ல வேளை கேட்டீர்கள் அம்மா. இல்லவே இல்லை. நம் சங்காரம் அழித்தல். பாலிச் சொல் ஆக்குவதைக் குறிக்கும், கிட்டத்தட்ட எதிர்ப்பதம். மணிமேகலை அதைத்தான் ‘செய்கை’ என்கிறது. வலப்பக்கத்தில் அதை எழுதுங்கள், காதை எண்ணோடு.