கம்பி கழற்றிய பிறகு கீழ்ப்பல் ஏன் மறுபடி நெருங்குகிறது?

உவர்மலை வாசகி: 16 வயதில் கம்பி போட்டேன், இப்போது 31. மேல்வரிசை அப்படியே நிற்கிறது, கீழே முன்பல் இரண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது. டொக்டர் பிழையாகச் செய்துவிட்டாரா?

பதில்: அப்படி உடனே முடிவுகட்டாதீங்க தங்கச்சி. கம்பியே போடாதவர்களுக்கும் வயதோடு இது நடக்கிறது. கீழ் வேட்டைப்பற்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட அகலம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், நடுவிலுள்ள நாலு பல்லுக்கும் இடம் போதாமல் ஒன்று உள்ளே போக ஒன்று வெளியே வரும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரொபர்ட் லிட்டில் குழுவினர், பல் பிடுங்கிக் கம்பி போட்டவர்களை ரிடெய்னர் (கம்பி கழற்றிய பின் பல் நகராமல் பிடிக்கும் கருவி) நிறுத்திப் பத்து வருடம் கழித்து அளந்து 1981இல் எழுதினார்கள்: கீழ் முன்பற்கள் திருப்தியாக நின்றது 30 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே. யாருக்கு நெருங்கும் என்று முன்கூட்டிச் சொல்லவும் அவர்களால் முடியவில்லை.

கிண்ணியா: மகளுக்குப் போன மாதம் கழற்றினார்கள். ரிடெய்னர் எத்தனை மாதம் போட வேண்டும்?

பதில்: மாதக் கணக்கு இல்லை அண்ணை, பல் நேராக இருக்க வேண்டும் என்று நினைக்கும் காலம் முழுக்க. முரசில் பல்லைச் சுற்றியிருக்கும் நார்கள் மாற ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம், அதுவரை பழைய பக்கமே இழுக்கும், அதிலும் திரும்பி நின்ற பல்லை. டொக்டர் சொல்லும்வரை முழுநாளும், அப்புறம் இரவில். சாப்பிடும்போது டிஷுவில் சுற்றி வைக்க விடாதீங்க, அப்படியே குப்பைக்குப் போய்விடும். சுடுநீரில் கழுவினாலோ நிலாவெளி வெயிலில் காருக்குள் விட்டாலோ வளைந்துவிடும்.

தம்பலகாமம்: ஞானப்பல் தள்ளுவதால்தானே இதெல்லாம்? பிடுங்கிவிடலாமா?

பதில்: இதற்காக மட்டும் வேண்டாம். ஞானப்பல் முளைக்காதவர்களுக்கும் நெருங்குகிறது.

மூதூர்: பல்லின் உட்பக்கம் ரிடெய்னராக ஒட்டிய கம்பி ஒரு பல்லில் விட்டுவிட்டது. வலி இல்லை, பொறுக்கலாமா?

பதில்: பொறுக்காதீங்க தம்பி, இந்தக் கிழமையே காட்டுங்க. விட்ட பல் மட்டும் தனியாக நகரும், வலிக்காததால் கண்ணாடியில் தெரியும்வரை யாரும் கவனிப்பதில்லை. அப்படியே பற்காரையும் எடுத்துவிடச் சொல்லுங்க. நாக்குக்குக் கீழே எச்சில் ஊறும் இடம் என்பதால் அங்கேதான் அதிகம் படியும், கம்பி இருந்தால் இன்னும் கூடும்.

உவர்மலை: பழைய ரிடெய்னர் அலுமாரியில் இருக்கிறது, அழுத்திப் போட்டுப் பார்க்கவா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. பல வருடத்துக்கு முந்தைய அளவு அது, அழுத்தினால் பல்லுக்கும் முரசுக்கும்தான் நோவு. இப்போதைய நிலையே போதும் என்றால் புது அளவெடுத்து ரிடெய்னர் செய்தால் இதற்குமேல் நெருங்காமல் பிடிக்கலாம். நேராக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் முரசைக் காட்டி, அது நல்லாயிருந்தால் மறுபடி கம்பியோ அலைனரோ (பல்லை நகர்த்தும், கழற்றி மாட்டும் உறை) போடலாம், முடிந்ததும் ரிடெய்னரை விடாமல் போட வேண்டும்.