உடலுக்குள் வைத்த பொருளில் இரத்தம் எதைக் காண்கிறது? திருகோணமலை வாசகர் கேள்வி பதில்

(பதிலளிப்பவர் ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்.)

மூதூர், உயர்தர மாணவி: சேர், இரத்தத்தில் ஓர் உலோகம் பட்டால் முதலில் குழியங்களா வந்து ஒட்டும்?

இல்லை மகள், புரதங்களே முந்திக்கொள்கின்றன. சில விநாடிகளுக்குள் அவை மேற்பரப்பை மூடிவிடுவதால், பின்னால் வரும் எந்தக் குழியமும் வெறும் உலோகத்தைத் தொடுவதில்லை. நமது துறைமுகத்தில் புதிதாக இறக்கிய படகின் அடிப்பாகத்திலும் முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படிந்து, அதன்மேல்தான் பாசியும் சிப்பியும் பற்றுகின்றன.

அந்தப் புரதப் படலம் நிலையானதும் அல்ல. குருதி முதலுருவில் (இரத்தத்தின் திரவப் பகுதியில்) லீற்றருக்கு 35 முதல் 50 கிராம் வரை இருக்கும் அல்புமின், அளவில் மிகுந்தும் உருவில் சிறுத்தும் இருப்பதால் முதலில் வந்து சேர்கிறது. பிறகு மெதுவாக வரும், ஆனால் இறுகப் பற்றும் பைபிரினோஜன் போன்ற பெரிய புரதங்கள் அதன் இடத்தைப் பிடிக்கின்றன. 1960களில் இதை ஆராய்ந்த லியோ வ்ரோமனின் பெயரால் இது வ்ரோமன் விளைவு எனப்படுகிறது. (அவர் டச்சு மொழியில் பெயர்பெற்ற கவிஞரும்கூட.) பைபிரினோஜன் இரத்தத்தில் கரைந்து ஓடும்போது குருதிச் சிறுதட்டுகள் (இரத்தம் உறைய உதவும் நுண்ணிய துணுக்குகள்) அதைப் பொருட்படுத்துவதில்லை, அதுவே ஒரு பரப்பில் படிந்து உருமாறி, உள்ளே மறைந்திருந்த பகுதிகளை வெளிக்காட்டும்போது, அமைதியாகச் சென்றுகொண்டிருந்த சிறுதட்டும் அதில் ஒட்டிக்கொள்கிறது. உறைகட்டி தொடங்கும் வழிகளுள் இது முக்கியமானது. மறை (நெகற்றிவ்) மின்னேற்றமுள்ள பரப்புகளில், உறைதலைத் தொடக்கிவைக்கும் புரதங்களுள் ஒன்றான பன்னிரண்டாம் உறைதற்காரணியும் தூண்டப்படுகிறது.

உவர்மலை: அப்பாவின் இதயக் குழாயில் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் கம்பிவலைக் குழல்) வைத்து நான்கு மாதம். பல் பிடுங்க வேண்டியிருப்பதால், இரத்தம் கசியும் என்று, சிறுதட்டுகள் ஒட்டாமல் தடுக்கும் மாத்திரைகளான அஸ்பிரினையும் குளோபிடோகிரலையும் நிறுத்தப் பார்க்கிறார்.

அவராக நிறுத்தவே கூடாது. ஸ்டென்டின் கம்பிகள்மேல் இரத்தக்குழாயின் உட்படைக் குழியங்கள் படர்ந்து மூடும்வரை, சிறுதட்டுகளுக்கு அது அந்நியப் பரப்பாகவே இருக்கும். மருந்து பூசிய ஸ்டென்டில், குழாய் மறுபடி ஒடுங்காமல் தடுக்கும் அந்த மருந்தே இந்த மூடுதலையும் தாமதப்படுத்துகிறது. ஈறில் கசியும் இரத்தத்தைப் பஞ்சால் அழுத்தி நிறுத்தலாம். ஸ்டென்டினுள் உறைந்தால் மாரடைப்பு. பல் வைத்தியரும் இதய வைத்தியரும் பேசி முடிவெடுக்கட்டும்.

கிண்ணியா: எனக்கு இதயத்தில் உலோக வால்வு. இரத்தம் உறையாதிருக்க வார்பரின் எடுப்பதால் கீரையை விட்டுவிட்டேன். இரத்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைக்கு மாறலாமா?

கீரையை விடத் தேவையில்லை. வார்பரின், கீரையில் மிகுந்துள்ள, இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்கும் மருந்து; ஆகவே முருங்கையிலையும் பொன்னாங்காணியும் ஒரு வாரம் குவிந்து மறு வாரம் இல்லாமற்போனால்தான் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் பரிசோதனை) அளவு தடுமாறும். அளவாக, ஒரே சீராகச் சாப்பிடுங்கள். புதிய மாத்திரைகளைப் பொறுத்தவரை, உலோக வால்வுள்ளவர்களிடம் அவற்றுள் ஒன்றான டபிகட்ரான் சோதிக்கப்பட்டபோது உறைகட்டிகளும் இரத்தக்கசிவும் வார்பரினைவிட அதிகமானதால் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. முடிவு 2013இல் வெளியானது. பரிசோதனைக்குப் போய்வரும் சிரமம் உண்மையானதே, ஆயினும் மாறாதீர்கள்.

தம்பலகாமம்: தொடை எலும்பில் டைட்டேனியத் தகடு வைத்துள்ளார்கள். அங்கும் இரத்தம் உறையுமா?

உறையும், அது நல்லதே. டைட்டேனியத்தின்மேல் இயல்பாக உருவாகும் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம் அதை அரிப்பிலிருந்து காக்கிறது. அதில் பைபுரோநெக்டின் போன்ற புரதங்கள் படிய, எலும்பாக்கும் குழியங்கள் அவற்றைப் பற்றிக்கொள்கின்றன. சொரசொரப்பான பரப்பில் உறைந்த இரத்தத்தின் நார்வலை, அக்குழியங்கள் உலோகம்வரை ஊர்ந்து வரப் பாதையாகிறது. இதயத்தில் அஞ்சவேண்டிய அதே நிகழ்வு, எலும்பில் குணமாதலின் முதற்படியாகிவிடுகிறது.

குச்சவெளி: சிறுநீரக நோயாளியான அண்ணனுக்கு, இரத்தச் சுத்திகரிப்புக்காகக் கையில் நாளத்தைத் தமனியோடு இணைத்துள்ளார்கள். செயற்கைக் குழாய் வைத்திருந்தால் இலகுவல்லவா?

உடனடிக்கு இலகுதான். ஆனால் இரத்தக்குழாயின் உயிருள்ள உட்படைக்கு நிகராக உறைதலைத் தடுக்கும் பொருளை இதுவரை எவரும் ஆக்கவில்லை. அந்த உட்படை நைதரிக் ஒட்சைட்டையும் புரொஸ்டாசைக்கிளினையும் இடைவிடாது சுரந்து சிறுதட்டுகளை விலக்கி வைக்கிறது. உறைதலைத் தடுக்கும் மருந்தான ஹெப்பாரின் பூசிய செயற்கைக் குழாய்களும் அதில் ஒரு பகுதியையே செய்கின்றன. செயற்கைக் குழாய் அடைபடுவதும் கிருமி தொற்றுவதும் அதிகம் என்பதால், தகுந்த நாளம் இருப்பவருக்குச் சொந்த நாளமே முதல் தெரிவு. அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி ஏற்றவோ விடவேண்டாம். இணைப்பின்மேல் விரல் வைத்தால் தெரியும் அதிர்வை அண்ணன் நாள்தோறும் பார்த்துக்கொள்ளட்டும். அது நின்றுவிட்டால் கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.