வேல்களைப் பாடும்போது சோறு எதற்கு?

அன்புள்ள ஐயா,

அதியமான்கோட்டைக்காரி நான். தருமபுரியில் முதுகலைத் தமிழ் படிக்கிறேன். புறநானூறு 95ஆம் பாடலைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். அதியமானுக்காகத் தூது போன ஔவைக்குப் பகை மன்னன் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டியது, அவர் பாடியது, பாட்டின் பொருள் எல்லாம் வரிசையாகச் சொல்லியிருந்தேன். 'இது சுருக்கம், ஆய்வு இல்லை' என்று பேராசிரியர் திருப்பித் தந்துவிட்டார். இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

ம.

அன்புள்ள ம.,

பாட்டைப் படிக்காதவருக்கு அதில் இருப்பதைச் சொல்வது சுருக்கம். ஆய்வோ, படித்து முடித்தவரிடம் பேசுவது. அவருக்குக் கதை தெரியும். அவர் கவனிக்காமல் தாண்டிப்போன ஒன்றைக் காட்டி, அது அங்கே ஏன் இருக்கிறது என்று பாட்டின் வரிகளைக் கொண்டே நீங்கள் வாதிட வேண்டும். உங்கள் ஊர் மன்னன் என்கிற பாசம் கதை சொல்லத்தான் தூண்டும். அது இயல்பு.

மயிற்பீலியும் மாலையும் சூடி, நெய் பூசி, காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன இவை, தொண்டைமானின் ஆயுதங்கள். பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன அவை, அதியமானின் வேல்கள். புகழ்வதுபோல இகழ்கிறார் ஔவை. இதை உரைகளே சொல்லிவிடும், அங்கேயே நின்றுவிடாதீர்கள். அடுத்து, 'உண்டாயின் பதம் கொடுத்து, இல்லாயின் உடன் உண்ணும்' எளியவர்களின் தலைவனுடைய வேல் என்று முடிக்கிறார். இருந்தால் சோறு கொடுப்பான், இல்லாவிட்டால் உள்ளதைச் சேர்ந்து உண்பான். ஆயுதங்களை ஒப்பிடும் பாட்டில் சோறு எதற்கு?

என் வாசிப்பு இது: தொண்டைமானிடம் ஆயுதம் காவலுக்குள் பத்திரமாக இருக்கிறது. அதியமானிடம் வேலும் சோறும் புழங்கிக்கொண்டே இருக்கின்றன, எதுவும் பூட்டிவைக்கப்படுவதில்லை. 'கடியுடை வியன்நகர்', அதாவது காவலுள்ள பெரிய மாளிகை, என்பதே எனக்கு ஆதாரம். நீங்கள் மறுக்கலாம். சேர்ந்து உண்பவனுக்காக அந்த எளியவர்கள் உயிரையும் கொடுப்பார்கள், ஆகவே சோற்றைப் பற்றிய வரி ஓர் எச்சரிக்கை என்று வாதிடலாம். எந்த வாசிப்பு வலுவானது என்று நாம் சண்டை போட முடிகிறதல்லவா? சுருக்கத்தை வைத்து அந்தச் சண்டை நடக்காது.

இன்னொன்று. அதியமான், தொண்டைமான் பெயர்கள் பாட்டுக்குள் இல்லவே இல்லை. தூதும் கொட்டிலும் பாட்டின் அடியில் உள்ள குறிப்பு தரும் செய்திகள். உங்கள் கட்டுரையில் இரண்டும் கலந்துவிட்டன. குறிப்பை மறைத்துவிட்டுப் பாட்டை மட்டும் படியுங்கள். பேசுபவர் எங்கே நிற்கிறார், யாரிடம் பேசுகிறார் என்று எவ்வளவு தூரம் தெரிகிறது? அதுவே ஒரு முழுக் கட்டுரைக்குப் போதும். எழுதினால் எனக்கும் அனுப்புங்கள்.