பத்து லட்சம் டாலரை அவர் ஏன் வேண்டாம் என்றார்?

கேள்வி: டிவி தொடரில் நடித்து, கதையும் எழுதும் மிகேலா கோல் என்ற லண்டன் நடிகை பத்து லட்சம் டாலரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராமே, நிஜமா? - மதுரை வாசகி

நிஜம்தான். 2017-ல் நெட்ஃபிளிக்ஸ் கொடுக்க முன்வந்த தொகை அது, அன்றைக்கு ஆறரைக் கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் குறைய வரும். ஆனால் அவர் எழுதிய கதையின் காப்புரிமையில் ஒரு துளிகூட அவருக்குக் கிடையாது என்பது நிபந்தனை. ஐந்து சதவீதமாவது என்னிடம் இருக்கட்டும் என்று போனில் கேட்டிருக்கிறார், எதிர்முனையில் சத்தமே இல்லை. சரி, இரண்டு... ஒன்று... கடைசியில் அரை சதவீதம் வரைக்கும் இறங்கி வந்தார். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்ற அந்த நெட்ஃபிளிக்ஸ் அதிகாரி, போனை வைப்பதற்கு முன்னால், நீ செய்வதுதான் சரி, உன்னை நினைத்துப் பெருமையாக இருக்கிறது என்றாராம். இதை கோலே பின்னர் ஒரு பேட்டியில் சொன்னார். இந்த ஒப்பந்தம் முடிந்தால் தனக்காக ஒப்பந்தம் பேசித் தரும் ஏஜென்சிக்கும் தனியாகப் பணம் போகும் என்று தெரிந்ததும் அவர்களையும் விட்டு விலகினார்.

அப்புறம் பிபிசிக்குப் போனார். அங்கே உரிமையும் கிடைத்தது, கதையில் கடைசி முடிவு அவருடையது என்பதும் கிடைத்தது. அந்தத் தொடர்தான் 2020-ல் வந்த ‘ஐ மே டெஸ்ட்ராய் யூ’.

கேள்வி: அவருடைய மொத்தச் சொத்து எத்தனை கோடி? - கோவை வாசகர்

இணையதளங்களில் சுற்றும் சொத்துக் கணக்கெல்லாம் யூகம், அதை நம்ப வேண்டாம். பணம் எந்தெந்த வழியில் வருகிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். நடிப்புக்கு ஒரு சம்பளம், அது வேலை முடிந்ததும் முடிந்தது. எழுத்துக்குத் தனி, இயக்கத்துக்குத் தனி, நிர்வாகத் தயாரிப்பாளர் என்று பெயர் போட்டால் அதற்கும் தனி. அந்தத் தொடரின் 12 பகுதிகளிலும் இந்த நான்கில் எங்கேயாவது அவர் இருந்தார், எழுத்து முழுக்க அவருடையது. உரிமை மட்டும் வேறு ரகம். தொடர் வேறொரு நாட்டுக்கு விற்கும்போதும், இன்னொரு மொழியில் மறுபடி எடுக்கும்போதும், பத்து வருடம் கழித்துக்கூடப் பணம் கொண்டுவரும். அதைத்தான் அவர் அரை சதவீதத்துக்குக்கூடக் கெஞ்சிப் பார்த்தார்.

எனக்கு இதில் மனதைத் தைப்பது வேறு. அந்தக் கதை அவருக்கே நடந்த கொடுமை. முதல் தொடரான ‘சூயிங் கம்’மின் இரண்டாம் பாகத்தைத் தயாரிப்பு அலுவலகத்திலேயே ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார், காலை ஏழு மணிக்கு ஒரு பகுதியைக் கொடுத்தாக வேண்டும். நடுவில் ஒரு நண்பருடன் வெளியே போன இடத்தில் மயக்க மருந்து கலந்து கொடுக்கப்பட்டு பாலியல் வன்முறைக்கு ஆளானார். நினைவு திரும்பும்போது மறுபடி டைப் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். 2018-ல் எடின்பரோ தொலைக்காட்சி விழா மேடையில் இதை அவரே சொன்னார். இப்படி ஒரு கதையை ஒரே செக்கில் மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டு வா என்றால் எப்படி முடியும்? அதை 191 தடவை திருத்தி எழுதினார். 2021-ல் குறுந்தொடருக்கான எழுத்துக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருதான எம்மி விருது கிடைத்தது, அந்தப் பிரிவில் வாங்கிய முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

கேள்வி: என் மகள் சீரியலுக்குக் கதை எழுதிக் கொடுக்கப்போகிறாள். எதைக் கவனிக்க வேண்டும்? - திருச்சி வாசகி

தொகையை அப்புறம் பாருங்கள் அம்மா, முதலில் உரிமை எத்தனை வருடத்துக்கு, எந்த நாட்டுக்கு என்று எழுதியிருக்கும் வரியைத் தேடச் சொல்லுங்கள். நம் காப்புரிமைச் சட்டத்தில், வருடம் குறிப்பிடாத ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று அச்சடித்து வந்தால், கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு எடுத்து வந்து ஒரு வக்கீலிடம் காட்டட்டும்.