பைத்தானில் பெயரிட்ட அளபுருக்களைச் சரிபார்ப்பது எப்படி?

பைத்தான் நிரல்மொழியில் இரட்டை நட்சத்திரக் குறியிட்டு (**) அளபுருக்களை, அதாவது பெயருடன் தரப்படும் உள்ளீடுகளை, வாங்கும் செயற்கூற்றில் (function), அழைப்பவர் பெயரைப் பிழையாக எழுதினாலும் பைத்தான் ஏன் எச்சரிப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் குறி, வருகிற எல்லாப் பெயர்களையும் ஓர் அகராதிக்குள் (பெயரையும் அதன் மதிப்பையும் சேர்த்து வைக்கும் தொகுப்பு) போட்டுவிடுகிறது. 'அகலம்' என்பதற்குப் பதில் 'அகளம்' என்று வந்தாலும் உள்ளே சேர்ந்துவிடும். பிறகு நீங்கள் 'கெட்' முறையால் 'அகலம்' தேடுகிறீர்கள். அது இல்லாததால் இயல்பு மதிப்பு கிடைக்கிறது. நிரல் ஓடும், விடை தவறும். இதைவிடக் கொடிய பிழை வேறில்லை என்பேன்.

முதலில் செய்ய வேண்டியது, அந்தக் குறியையே கைவிடுவது. அளபுருப் பட்டியலில் ஒற்றை நட்சத்திரக் குறியைத் தனியாக இட்டு, அதன்பின் ஏற்கும் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். பைத்தான் 3-இல் வந்த வசதி இது. தெரியாத பெயர் வந்தாலும், கட்டாயமான பெயர் விடுபட்டாலும் மொழியே 'டைப்எரர்' என்ற பிழையை எழுப்பும்.

அகராதியாகத்தான் வாங்க வேண்டும் என்ற நிலை இருந்தால், 'கெட்' வேண்டாம். 'பாப்' முறையால் எடுங்கள். எடுத்த பெயர் அகராதியிலிருந்து நீங்கிவிடும். கடைசியில் ஏதாவது மிஞ்சினால் அது அறியாத பெயர். அதைக் குறிப்பிட்டே பிழை எழுப்புங்கள், அழைத்தவர் உடனே திருத்திக்கொள்வார்.

மதிப்புகளைச் சோதிப்பது தனி வேலை. வகைக் குறிப்புகள் (மதிப்பு எண்ணா, எழுத்தா என்று அளபுருவுடன் எழுதிவைப்பவை) நிரல் ஓடும்போது தாமாக எதையும் தடுப்பதில்லை. எல்லை மீறிய எண்ணுக்கு 'வேல்யூஎரர்' என்ற பிழை பொருத்தம். நிபந்தனை பொய்த்தால் பிழை எழுப்பும் 'அசெர்ட்' கட்டளையை இதற்கு நம்பாதீர்கள்: மேம்படுத்தும் விருப்பத்தேர்வுடன் (-O) பைத்தானை இயக்கினால் அந்த வரிகள் புறக்கணிக்கப்படும்.