மீன்பிடி விளையாட்டுப் படகு: கட்டுவது, விற்பது குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி (பாசிர் ரிஸ்): ஐயா, 60 அடி நீளத்தில் மீன்பிடி விளையாட்டுப் படகு ஒன்று கட்டக் கொடுக்கவிருக்கிறேன். மரத்தில் கட்டலாம் என்கிறார் கட்டுநர். நம் ஊர் மழைக்கு மரம் உளுத்துப் போகாதா?

பதில்: அவர் சொல்வது பழைய பலகைப் படகை அன்று. ஒக்கூமே என்னும் இலேசான ஆப்பிரிக்க மரத்தின் ஒட்டுப்பலகையை மெல்லிய அடுக்குகளாக, ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வரும்படி எப்பாக்சி என்னும் இறுகும் பிசினில் ஒட்டி, வெளியே கண்ணாடியிழை போர்த்தும் முறை அது. அமெரிக்காவின் வட கரோலினாவில் கோடையில் மீன்பிடிப் பயணம் நடத்தி, குளிர்காலத்தில் படகு கட்டிய மாலுமிகள் வளர்த்தெடுத்த கட்டுமான மரபில் இம்முறை இன்றும் முதன்மையாக நிற்கிறது. விலையுயர்ந்த அச்சு தேவைப்படாததால் ஒரே ஒரு படகுக்காகக்கூட வடிவத்தை மாற்றிக்கொள்ள முடிகிறது.

மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சை பெரும்பாலும் கடல்நீரால் வருவதில்லை, மழைநீரால் வருகிறது. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே நிற்கும்வரை அது பிடிக்காது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நம் ஊரில், அந்த நீர் எங்கே நுழைகிறது என்பதே கேள்வி. என் கணிப்பில், படகின் உடல் வழியாக அது நுழைவது அரிது; கட்டி முடித்தபின் கைப்பிடிக் கம்பிக்கும் தூண்டில் தாங்கிக்கும் போடும் திருகாணித் துளைகளின் வழியாகவே நுழைகிறது. நல்ல கட்டுநர் துளையைத் தேவையைவிடப் பெரிதாகப் போட்டு, கெட்டியாகக் குழைத்த எப்பாக்சியால் நிரப்பி, அது இறுகிய பிறகு அதன் நடுவே சரியான அளவில் மறுபடியும் துளையிடுவார். திருகாணி மரத்தைத் தொடவே தொடாது. ஒப்படைக்கும் நாளில் ஏதேனும் ஒரு தூண்டில் தாங்கியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். துளையின் சுவரில் மரத்தின் இழை தெரிந்தால் எல்லாத் துளைகளையும் திருத்தும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, அடர்நீல வண்ணம் வேண்டாம். அறை வெப்பத்தில் இறுகும் எப்பாக்சி பல, நண்பகல் வெயிலில் கருநிறப் பரப்பு அடையும் சூட்டில் சற்றே இளகும். அதனால் உள்ளிருக்கும் இழையின் நெசவு மேலே தடம் காட்டத் தொடங்கும். வெள்ளையோ வெளிர்சாம்பலோ போதும்.

கேள்வி (பிடோக்): குடும்பத்துக்காக நான்கு படுக்கையறை கேட்டேன். வடிவமைப்பாளர் மூன்றுதான் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: அவர் சொல்வதே சரி. இந்த வகைப் படகைப் பின்தளத்திலிருந்து முன்னோக்கி வரைய வேண்டும். மீனோடு மல்லுக்கட்டுபவர் தொடையை முட்டுக்கொடுத்து நிற்கும் உயரத்தில் பக்கச்சுவர் இருக்க வேண்டும். மேல்தட்டில் சுக்கான் பிடிப்பவர் திரும்பிப் பார்த்தால் தூண்டிற்காரரும் அவருக்குப் பின்னால் உள்ள நீரும் தடையின்றித் தெரிய வேண்டும். இவற்றை முடிவுசெய்த பிறகு மிஞ்சும் இடமே அறைகளுக்கு உரியது. நான்காம் அறையைச் சேர்த்தால் எடை கூடும், வரவேற்பறை பின்னோக்கித் தள்ளப்படும், பின்தளம் சுருங்கும். 4,000 லிட்டர் டீசலே ஏறத்தாழ 3.4 டன் எடையுள்ளது. அதோடு குளிரூட்டி, மரச்சாமான், கற்பலகை மேசை என்று அடுக்கினால் வடிவமைப்பாளர் கணக்கிட்ட வேகம் காகிதத்தோடு நின்றுவிடும். பிள்ளைகளுக்கு மடக்குக் கட்டில் போதும்.

கேள்வி (ஈசூன்): சிங்கப்பூரில் இருந்துகொண்டு இப்படியொரு படகு தேவையா?

பதில்: நீங்கள் எங்கே மீன் பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சரக்குக் கப்பல்கள் நெருக்கமாகச் செல்லும் நம் நீரிணை, மார்லின் போன்ற ஆழ்கடல் பெருமீனுக்கு உரிய கடல் அன்று. மயில்மீனுக்குப் பெயர்போன, மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கோலா ரொம்பின், சாங்கியிலிருந்து கடல்வழியில் 100 கடல்மைலுக்கு மேல் தொலைவில் இருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்த மாதங்களில் அங்கே போய்வர 30 அடித் திறந்த படகு போதும். பெரிய படகு அந்தமான் கடல்போல ஆழமான நீருக்குச் சென்று பல நாள் தங்குபவருக்கு உரியது.

கேள்வி (ஜூரோங்): ஜோகூரில் கட்டக் கொடுக்கிறேன். ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஒவ்வொரு தவணை செலுத்தியதும் அதுவரை கட்டிய உடலும் வாங்கிய இயந்திரமும் உங்கள் உடைமையாகும் என்று எழுதச் செய்யுங்கள். கட்டுமானத் தளம் நொடித்தால் உங்களைக் காப்பது அந்த ஒரு வரிதான். தவணையை நாள்கணக்கில் கட்டாமல், நீங்கள் அமர்த்தும் ஆய்வாளர் வேலையின் கட்டத்தைப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே கட்டுங்கள். சிங்கப்பூருக்குக் கொண்டுவரும்போது, 2024 முதல் 9 விழுக்காடாக உள்ள பொருள் சேவை வரியையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பொங்கோல்): சிறிய கட்டுமான நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பொறுப்பில் இருக்கிறேன். முதல் படகு இறங்கப்போகிறது. விளம்பரப் படங்களுக்குப் பெரிய தொகை ஒதுக்கச் சொல்கிறார்கள். அது பலன் தருமா என்று இந்தத் தம்பிக்குச் சொல்லுங்கள் ஐயா.

பதில்: படம் வேண்டும் தம்பி, ஆனால் முதலில் அளவீடு வேண்டும். இந்தப் படகை வாங்குபவர் ஏற்கெனவே இரண்டொரு படகு வைத்திருந்தவராக இருப்பார். மெத்தை இருக்கையின் படத்தைப் பார்த்து அவர் பணம் கட்டமாட்டார். இயந்திரச் சுழற்சி, வேகம், மணிக்கு எத்தனை லிட்டர், வரவேற்பறையில் இரைச்சல் எத்தனை டெசிபல் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் அட்டவணையாகக் கொடுங்கள். எரிபொருள் எவ்வளவு, ஆட்கள் எத்தனை பேர் இருந்தபோது அளந்தீர்கள் என்பதையும் அதன்கீழ் எழுதுங்கள். காலித் தொட்டியோடு எடுத்த வேகத்தைப் போட்டுவிட்டு, வாங்கியவர் நிறைந்த தொட்டியோடு அதை எட்ட முடியாமல் போனால், அந்தப் பேச்சு துவாஸிலிருந்து செந்தோசா வரை எல்லாப் படகுத்துறைக்கும் ஒரே வாரத்தில் போய்ச் சேரும்.

அடுத்தது, பின்தளத்தில் நின்று, ஓடும் படகின் பின்னால் நீர் எப்படி இருக்கிறது என்று படம்பிடியுங்கள். தூண்டில் இரை நீந்தும் பட்டையில் நுரையற்ற தெளிந்த நீர் இருந்தால், தேர்ந்த மீன்பிடிப்பாளருக்கு ஒரு சொல்லும் தேவையில்லை. நுரை பரவியிருந்தால் படத்தை வெளியிடாதீர்கள். சுழல்விசிறியையும் அடிப்பகுதியையும் முதலில் திருத்தச் சொல்லுங்கள். உங்கள் நிறுவனத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுதான்.

விலை கேட்டு வருபவரைக் காட்சிக்கூடத்து விளக்கின்கீழ் நிறுத்தாமல் கடலுக்கு அழைத்துச் செல்லுங்கள். கடந்துபோகும் பெரிய கப்பல் எழுப்பும் அலையைப் பாதுகாப்பான தொலைவில் நின்று சாய்வாக எதிர்கொண்டால், அணியம், அதாவது படகின் முன்பகுதி, நீரை வெளியே தள்ளுகிறதா, மேல்தட்டுக்கு வாரி இறைக்கிறதா என்பது அவருக்கே தெரிந்துவிடும். முதல் படகைக் கட்டணப் பயணத்துக்கு விட்டுப் பெயர் வாங்கலாம் என்ற எண்ணம் இருந்தால், அதற்குத் தனி உரிமம் தேவை. கடல்துறை, துறைமுக ஆணையத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் உல்லாசப் படகாகப் பதிந்துவிட்டுக் கட்டணம் வாங்க முடியாது.

கேள்வி (தோ பாயோ): உயரமான கோபுரம் வைத்த படகு கம்பீரமாக இருக்கிறது. எனக்கும் வைக்கலாமா?

பதில்: அந்தக் கோபுரம் புளோரிடாவின் ரைபோவிச் குடும்பத்தார் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது, பஹாமாஸின் தெளிந்த ஆழமற்ற நீரில் செல்லும் சூரைக் கூட்டத்தை உயரத்திலிருந்து பார்ப்பதற்குப் பயன்பட்டது. நீங்கள் கலங்கிய நீரில் உயிர் இரை போட்டு மயில்மீன் பிடிப்பவர் என்றால் அதனால் கிடைப்பது குறைவு, கூடும் ஆட்டமோ நிறைய. வைத்தே ஆகவேண்டுமென்றால் அலுமினியத்தில் வைத்து, அதன் எடையைச் சேர்த்து, படகு கவிழாமல் நிற்குமா என்று பார்க்கும் நிலைப்புக் கணக்கை மறுபடியும் போட்டுத் தரும்படி வடிவமைப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.